விரைவு வரிசையும் நம் கைக் கடதாசிகளும்

2025 மார்ச் 30ஆம் திகதி முதல் பலாலியிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் பறக்கிறது. சென்னை விமானம் அதற்கு முன்பே உண்டு. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது, கொரோனாவில் நின்றது, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. ஆனால் நமக்குச் சென்னை வேறு, திருச்சி வேறு. திருச்சி என்ற சொல்லைக் கேட்டால் நம் வீட்டுப் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். ஒப்பந்த காலத்தில் அண்ணனை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டுத் தங்கையை இந்தப் பக்கம் வைத்துக்கொண்ட குடும்பங்கள் நம்மிடையே கொஞ்சமல்ல. கோச்சியில் தலைமன்னார் போய், கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகள் இன்று திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் நீலகிரித் தேயிலைக் காடுகளிலும் இருக்கிறார்கள்.

அதனால் குடாநாட்டின் கழுத்துப் பகுதியான பளையில், தென்னந்தோட்டப் பக்கம் நாங்கள் நடத்தும் கிளைக் கூட்டங்களில் சம்பளக் கேள்விக்கு அடுத்தபடியாக இப்போது பாஸ்போட் கேள்வி வருகிறது. இங்குள்ளவர்களில் பலர் 1977க்கும் 1983க்கும் பிறகு மலைநாட்டிலிருந்து அடிபட்டு வந்த குடும்பங்கள். அண்மையில் ஒரு பெரியவர் கேட்டார்: “டீச்சரம்மா, திருச்சி ஏர்போட்டுல வரிசையில நிக்காம போற கேட்டு ஒன்னு இருக்காமே, அதுக்கு என்னாத்த காட்டணும்?” கூட்டம் சிரித்தது. எனக்கு அது நல்ல கேள்வியாகவே பட்டது.

அப்படி ஒரு கதவு இருக்கிறது. இந்திய அரசாங்கம் 2024 ஜூன் மாதம் டில்லியில் தொடங்கிய விரைவுக் குடிவரவுத் திட்டம் அது. பின்பு சென்னை, மும்பை, பெங்களூர் முதலிய பெரிய விமான நிலையங்களுக்கும், 2025 செப்டம்பரில் திருச்சி உட்பட மேலும் ஐந்து இடங்களுக்கும் வந்தது. முன்கூட்டியே இணையத்தில் பதிந்து, விரல் ரேகையும் முகப்படமும் கொடுத்து, அவர்கள் விசாரித்துச் சம்மதித்துவிட்டால், பிறகு அதிகாரிக்கு முன்னால் வரிசையில் நிற்கத் தேவையில்லை. இயந்திரத்தில் கடவுச்சீட்டை வைத்தால் கதவு திறக்கும். கட்டணம் இல்லை. ஆனால் இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கும், ஓ.சி.ஐ. எனப்படும் வெளிநாட்டு இந்தியர் அட்டை வைத்திருப்பவர்களுக்கும் மட்டும்தான். இலங்கைக் கடவுச்சீட்டோடு இறங்குகிற நாம் வீசாவைக் காட்டி, மற்ற வெளிநாட்டவரோடு சாதாரண வரிசையில் நிற்க வேண்டியவர்கள். பெரியவரிடம் இதைச் சொன்னேன். “அப்ப நம்ம அண்ணன் பேரன் வந்தா சடக்குனு போயிருவான், நான் நிக்கணும்” என்றார். சரியாகப் பிடித்துக்கொண்டார். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளின் வாரிசுகள்தான். 1964இல் யார் பெயர் எந்தப் பட்டியலில் விழுந்தது என்பதுதான் இன்று வரிசையைப் பிரிக்கிறது.

ஓ.சி.ஐ. அட்டை நமக்குக் கிடைக்காதா என்று உடனே அடுத்த கேள்வி வந்தது. சட்டப்படி, 1950 ஜனவரி 26இல் இந்தியப் பிரஜையாக இருந்தவரின், அல்லது பிரஜையாகத் தகுதி பெற்றிருந்தவரின் பிள்ளை, பேரப்பிள்ளை, பூட்டப்பிள்ளை வரை விண்ணப்பிக்கலாம். வாசிக்க இனிப்பாக இருக்கிறது. கையில் என்ன வேண்டும் என்று பாருங்கள். பூட்டன் இந்த ஊரில் பிறந்தார் என்பதற்கு இந்திய அரசாங்கப் பத்திரம் வேண்டும். அவரிலிருந்து உங்கள் வரை ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்புப் பத்திரம், அதில் பெயர்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கட்டணம் 275 அமெரிக்க டொலர். 2025இல் இருந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் அது ஏறத்தாழ இரண்டு மாதப் பேர். பூட்டனின் பத்திரம் டிரங்குப் பெட்டியில் இருந்திருக்கலாம். அந்தப் பெட்டி எந்தக் கலவரத்தில் எரிந்தது என்று நம்மில் பலருக்குத் தேதி சொல்லத் தெரியும், பத்திரத்தைக் காட்டத் தெரியாது. அதற்காக எல்லோரும் ஓடிப் போய் அந்த அட்டைக்கு விண்ணப்பியுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நாம் இந்த நாட்டுப் பிரஜைகள். ‘கள்ளத்தோணி’ என்ற சொல்லைத் துடைக்க எவ்வளவு பாடுபட்டோம் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். உரிமை இருக்கிறவர் விரும்பினால் எடுக்கட்டும், அது அவரவர் குடும்ப விஷயம். என் கவலை வேறு இடத்தில்.

விரைவு வரிசை என்றால் சோதனை குறைவு என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. சோதனையை முன்பே முடித்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் 2011 முதல் இப்படி ஒரு திட்டம் நடக்கிறது. அது குடிவரவுக்கு அல்ல, விமானத்தில் ஏறுமுன் பையையும் உடம்பையும் பார்க்கிற பாதுகாப்புச் சோதனைக்கு. பணம் கட்டி, நேரில் போய், கடவுச்சீட்டையோ அல்லது படமுள்ள அடையாள அட்டையோடு பிறப்புப் பத்திரத்தையோ காட்டி, விரல் ரேகை கொடுத்து, பின்னணி விசாரணையில் தேறினால் ஓர் இலக்கம் கிடைக்கும். பிறகு அவர் சப்பாத்தைக் கழற்றாமல், பெல்டை அவிழ்க்காமல் போகலாம். (சப்பாத்துக் கழற்றும் விதியை 2025 ஜூலையில் எல்லோருக்குமே எடுத்துவிட்டார்கள். பல வருடம் அதைச் சலுகையாக விற்க முடிந்தது என்பதைக் கவனியுங்கள்.) அங்கே முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு: பதிந்த பெயரும் பிறந்த திகதியும் விமானச் சீட்டில் உள்ள பெயரும் திகதியும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இலக்கம் இருந்தும் பயனில்லை, சாதாரண வரிசைக்குப் போக வேண்டியதுதான்.

ஆக, எந்த நாட்டு விரைவு வரிசையும் ஒரு சங்கிலியில் தொங்குகிறது. பிறப்புப் பத்திரம், அதிலிருந்து அடையாள அட்டை, அதிலிருந்து கடவுச்சீட்டு, அதிலிருந்து விமானச் சீட்டு. முதல் வளையம் நெளிந்திருந்தால் கடைசி வரை நெளிவுதான். நம் ஆட்களுக்கு நெளிந்திருப்பது முதல் வளையம். யார் நெளித்தது என்று பார்த்தால் கொஞ்சம் பழைய கதை பேச வேண்டியிருக்கிறது.

நம் பாட்டன் பூட்டன்களுக்கும் விரைவு வரிசை ஒன்று இருந்தது. 1900களின் தொடக்கத்தில் வந்த டின் டிக்கட் முறைதான் அது. தோட்டத்தின் இலக்கம் குத்திய சின்னத் தகரத் துண்டு. அதைக் கயிற்றில் கோத்துக் கொடுத்து அனுப்புவார்கள். அது இருந்தால் தூத்துக்குடிக்குப் பக்கத்துத் தட்டப்பாறை முகாமிலிருந்து மலை ஏறும் வரை ரயில், கப்பல், சாப்பாடு எதற்கும் கைக்காசு வேண்டாம். ஆளின் ஊர் என்ன, பெயர் என்ன என்பதை விட எந்தத் தோட்டத்து ஆள் என்பதைத்தான் அந்தத் தகரம் சொன்னது. செலவைத் தோட்டம் கட்டும், பிறகு அது கடனாக ஏறும். வந்து சேர்ந்த பின் ‘துண்டு’ முறை. இந்தக் கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுவேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. அது இல்லாமல் வேறு தோட்டம் சேர முடியாது. அதை ஒழிக்க 1921 வரை ஆயிற்று. வேகமாகக் கூட்டி வருவதற்கு ஒரு கடதாசி, போகவிடாமல் வைத்திருக்க இன்னொரு கடதாசி. இரண்டிலும் கையெழுத்து ஒருவருடையதே.

சுதந்திரம் வந்தபோது அந்தக் கையெழுத்தைத் தவிர வேறு அத்தாட்சி நம்மிடம் இருக்கவில்லை. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பனாவது, பாட்டனும் பூட்டனுமாவது இங்கே பிறந்ததைக் காட்டு என்றது. 1949 சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போட்டார்கள். சுமார் 134,000 பேருக்குத்தான் கிடைத்தது. மற்றவர்கள் இங்கே வாழவில்லையா? வாழ்ந்ததைக் காட்டக் கடதாசி இல்லை, அல்லது கடதாசியில் ஓர் எழுத்துப் பிழை. பிறகு 1964 ஒக்டோபர் 30இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து 975,000 பேரை எண்ணி, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 150,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். 1988 சட்டமும் 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டமும் வந்துதான் இந்தக் கணக்கு முடிந்தது. அதுவரை பழைய அடையாள அட்டை இலக்கத்தின் கடைசி எழுத்தைப் பார்த்தாலே தெரியும். ‘வி’ என்றால் வாக்குள்ளவர். ‘எக்ஸ்’ என்றால் இல்லாதவர். ஓர் எழுத்து ஆளைச் சொல்லிவிடும்.

யாழ்ப்பாணத்துச் சனத்துக்குக் கடதாசி பற்றி நாம் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1990களில் குடாநாட்டை விட்டு வெளியே போக இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். இராணுவம் வந்த பிறகு இராணுவத்திடம் அனுமதி எடுக்க வேண்டும். 2006 ஓகஸ்டில் முகமாலைச் சாவடி மூடப்பட்டு ஏ-9 பாதை நின்றபோது வெளியே போக இரண்டே வழி: திருகோணமலைக்குக் கப்பல், அல்லது பலாலியிலிருந்து கொழும்புக்கு விமானம். இரண்டுக்கும் படையினரின் கிளியரன்ஸ் வேண்டும். சீட்டு வாங்கக் காசு இருந்தவர்களும் கிளியரன்ஸ் வரும்வரை காத்துக் கிடந்தார்கள். கொழும்பு போய்ச் சேர்ந்தாலும் முடியவில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியுமுன் லொட்ஜ்களில் இருந்த முன்னூற்றுக்கும் மேற்பட்ட தமிழரை பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. லொட்ஜில் இருந்தவர்களிடமும் அடையாள அட்டை இருக்கத்தான் செய்தது. அதில் இருந்த பிறந்த இடமும் விலாசமும்தான் அவர்களைக் காட்டிக் கொடுத்தன.

இதில் நம் ஆட்களின் பாடு தனி. 2014 வரை வடக்கு கிழக்கில் கொடுத்த அடையாள அட்டையில் சிங்களமும் தமிழும் இருந்தன, மற்ற இடங்களில் சிங்களம் மட்டும். மலைநாட்டில் ஐசி எடுத்து வன்னியில் குடியிருந்த ஒருவர் சாவடிக்கு வந்தால், பேச்சு தமிழ், அட்டை சிங்களம், பிறந்த இடம் நுவரெலியா, வந்தது கிளிநொச்சியிலிருந்து. எந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்வது? இங்குள்ள பெரியவர்கள் இதைச் சொல்லும்போது இப்போது சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். அன்றைக்குச் சிரித்திருக்க மாட்டார்கள்.

ஆகவே ஓர் அட்டையைக் காட்டிச் சிலர் வேகமாகப் போகிறார்கள் என்று கேள்விப்படும்போது, அதே அட்டை யாரை நிறுத்தி வைக்கும் என்று கேட்கும் பழக்கம் நமக்கு இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் மத்திய கிழக்குக்குப் போகும்போது கட்டுநாயக்காவில் இதைத்தான் பார்க்கிறார்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவு சரியாக இருக்கிறவர் போகிறார். இல்லாதவர் பெட்டியோடு திரும்புகிறார். பெண் என்றால் 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று இன்னொரு கடதாசியும் வந்தது.

இனி நெளிவு எங்கே என்பதற்கு வருவோம். ஆசிரியராகவும் சங்கக்காரியாகவும் என் மேசைக்கு வருகிறவற்றில் முக்கால்வாசி இதுதான்.

முதலாவது பெயர். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். பழனியம்மா என்று பிறப்புப் பத்திரத்தில் இருக்கிறது, தகப்பன் முத்துசாமி. சிங்களத்தில் ‘ழ’ கிடையாது. ஆகவே அடையாள அட்டையில் அவர் பலனியம்மா ஆகிவிட்டார். அதைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதியவர் பலனி தனி, அம்மா தனி என்று பிரித்துவிட்டார். கலியாணத்துக்குப் பிறகு தோட்டத்துச் செக்ரோலில் புருஷன் ராமையாவின் எழுத்தைப் போட்டு ஆர். பழனியாயி. கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் ஏது? ஒருவர் தகப்பன் பெயரைப் போடச் சொல்வார், இன்னொருவர் புருஷன் பெயரைப் போடச் சொல்வார். இப்போது எண்ணுங்கள், ஒரே பெண் நான்கு ஆளாகிவிட்டாள். இந்த நான்கு பெயரும் விமான நிலையத்தில்தான் சிக்கும் என்று நினைக்க வேண்டாம். ஐம்பது வயதில் ஈ.பி.எப். எடுக்கப் போகும்போது முதலில் சிக்குகிறது. முப்பது வருடம் கொழுந்து பறித்த காசு, பழனியம்மாவும் பழனியாயியும் ஒரே ஆள் என்று சத்தியக் கடதாசி முடிக்கும் வரை அங்கேயே கிடக்கும்.

இரண்டாவது விலாசம். லயத்துக்கு இலக்கம் இல்லை, வீட்டுக்கு இலக்கம் இல்லை. டிவிஷன் பெயர், தோட்டத்துப் பெயர், தபால் நிலையம், அவ்வளவுதான். கடிதம் தோட்டத்து ஒபிசுக்கு வரும், அங்கே கட்டோடு கிடக்கும், யாராவது எடுத்து வந்தால் உண்டு. நேர்முகத்துக்கு அழைத்த கடிதம் திகதி கடந்து கையில் கிடைத்த பிள்ளைகள் என் வகுப்பிலேயே படித்திருக்கிறார்கள். முன்கூட்டியே விசாரித்து நம்பிக்கை வைக்கிற எந்தத் திட்டமும் கேட்கும் முதல் விஷயம் நிலையான விலாசம். நூற்றைம்பது வருடமாக ஒரே இடத்தில் இருக்கிற சனத்துக்கு நிலையான விலாசம் இல்லை.

மூன்றாவது அத்தாட்சிக் கையெழுத்து. கிராமத்தில் ஒருவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தால் கிராம உத்தியோகத்தர் அத்தாட்சிப்படுத்துவார். பள்ளிப் பிள்ளை என்றால் அதிபர். தோட்டத்து ஆள் என்றால் தோட்ட அதிகாரி. யோசித்துப் பாருங்கள், சம்பளம் கொடுக்கிற முதலாளியின் ஆள் நீ யார் என்பதற்குச் சாட்சி சொல்ல வேண்டும். டின் டிக்கட்டில் இருந்த கை இன்னும் போகவில்லை. பெரும்பாலான தோட்டங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் வேலைநிறுத்தம் நடந்த மாதத்தில் கையெழுத்து வாங்கப் போனவர்களைக் கேளுங்கள், “துரை இல்லை, நாளைக்கு வா” என்ற பதில் எத்தனை நாள் வந்தது என்று சொல்வார்கள். வேலையில் இல்லாதவர், பெயர் விட்டவர், தோட்டத்தில் குடியிருந்து வெளியே வேலை செய்கிற இளைஞர், இவர்கள் பாடு இன்னும் மோசம்.

நான்காவது நம் கை. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2015 முதல் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விரல் ரேகை எடுக்கிறார்கள். இருபது வருடம் கொழுந்து பறித்த கையில், கறையும் வெடிப்பும் உள்ள விரலில், ரேகை எங்கே இருக்கிறது? ரப்பர் பால் வெட்டுகிறவர், தேங்காய் உரிக்கிறவர், தும்பு அடிக்கிறவர், சீமெந்து குழைக்கிறவர் எல்லோருக்கும் இதே கதை. இந்தியாவில் ஆதார் வந்தபோது கூலி வேலை செய்கிறவர்களின் விரலை இயந்திரம் ஏற்காமல் ரேஷன் அரிசி வாங்க முடியாமல் போன கதைகள் ஏராளம். திருச்சி விமான நிலையத்தின் விரைவுக் கதவும் விரலைத்தான் கேட்கிறது. கணினியில் தட்டச்சு செய்கிற விரலுக்கு அது திறக்கும். உழைத்துத் தேய்ந்த விரலுக்கு அது திறக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், நம் நாட்டிலும் புதிய டிஜிட்டல் அடையாளத் திட்டம் இந்திய நிதியுதவியுடன் தயாராகிறது. முகம், விரல் ரேகை, கண்மணி மூன்றையும் பதிந்து ஆளுக்கு ஓர் இலக்கம். அது வந்தபின் வங்கி, ஆஸ்பத்திரி, அஸ்வெசும, ஈ.பி.எப்., விமான நிலையம் எல்லாம் அந்த இலக்கத்தில் ஓடத்தான் பார்க்கும். அதைக் கண்ணை மூடி எதிர்க்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒழுங்காகச் செய்தால் நமக்கு இலாபம், நான்கு பழனியம்மாவும் ஒன்றாகலாம். ஆனால் இப்போதுள்ள நெளிவோடு அப்படியே இயந்திரத்தில் ஏற்றினால், நேற்று வரை ஒரு நல்ல கிளார்க் பார்த்துச் சரிசெய்து விட்ட பிழையை இனி யாரும் சரிசெய்ய முடியாது. திரையில் சிவப்பு வந்தால் வந்ததுதான்.

சங்கத் தோழர்கள் சிலர் என்னிடம் சொன்னார்கள்: “சம்பளப் போராட்டம் நடக்கும் நேரத்தில் ஏர்போட் கதை எதற்கு? விமானத்தில் போகிறவர்கள் எத்தனை பேர்?” நியாயமான கேள்வி. விமானத்தில் போகிறவர்கள் குறைவுதான். ஆனால் விமான நிலையத்தில் தெரிகிற பிழை அங்கே பிறந்த பிழையல்ல. அது தோட்டத்துப் பிறப்புப் பதிவில் பிறந்தது. அதை நாம் சம்பளத்திலும் கட்டுகிறோம். சாதாரண சேவையில் கடவுச்சீட்டுக்கு 10,000 ரூபா, ஒரே நாளில் வேண்டுமானால் 20,000 ரூபா. 2025இல் இருந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் 20,000 ரூபா என்பது பதினைந்து நாள் பேர். வரவுசெலவுத் திட்டத்தில் சொன்ன 1,750 ரூபாவே என்றாலும் பதினோரு நாளுக்கு மேல். பெயர்ப் பிழையால் ஒரு தடவை திருப்பி அனுப்பப்பட்டால் பஸ் காசு, போட்டோ காசு, போன நாள் பேர் எல்லாம் மறுபடி. விரைவு வரிசை நம்மிடமும் இருக்கிறது, அதற்கு நாம் பேரைக் கொடுத்து நிற்கிறோம்.

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். வடக்கில் சில விஷயம் இலேசாகியிருக்கிறது. 2025 செப்டம்பர் முதல் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் கடவுச்சீட்டு அலுவலகம் திறந்திருக்கிறது. முன்பு வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ ஓட வேண்டும். மலைநாட்டுத் தோழர்களுக்குக் கண்டி இருக்கிறது என்பார்கள். மஸ்கெலியாவிலிருந்து கண்டிக்குப் போய் வர ஒரு நாள் பேர் போகும் என்பதை அப்படிச் சொல்கிறவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

சங்கம் என்ன கேட்க வேண்டும் என்று என் கருத்தைச் சொல்கிறேன். அடையாள அட்டை விண்ணப்பத்தில் தோட்ட அதிகாரியின் கையெழுத்துக்குப் பதிலாக, தோட்டத்து ஆளுக்கும் கிராம உத்தியோகத்தர் கையெழுத்தே போதும் என்று ஆட்பதிவுத் திணைக்களம் எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஒவ்வொரு லயத்து வீட்டுக்கும் இலக்கமும், கடிதம் வீட்டு வாசலுக்கு வருகிற ஏற்பாடும் வேண்டும். டிஜிட்டல் பதிவு தொடங்குமுன் பதிவாளர் திணைக்களமும் ஆட்பதிவுத் திணைக்களமும் ஒரே நாளில் ஒரே மேசையில் தோட்டத்துக்கே வந்து, பெயர்ப் பிழைகளை இலவசமாகத் திருத்தித் தர வேண்டும். அந்த மேசையில் தமிழ் எழுதத் தெரிந்தவர் ஒருவர் உட்கார வேண்டும், ‘ழ’ எழுதத் தெரிந்தவராக. விரல் ரேகை விழாதவர்களுக்கு முகமோ கண்ணோ போதும் என்ற விதி முதல் நாளிலிருந்தே சட்டத்தில் இருக்க வேண்டும். அதிகாரியின் தயவில் விடக் கூடாது. பலாலியிலோ கட்டுநாயக்காவிலோ நாளைக்கு நம் அரசாங்கமும் ஒரு விரைவு வரிசை வைத்தால், அதற்குச் சாதாரணத் தேசிய அடையாள அட்டையும் கடவுச்சீட்டுமே போதுமானதாக இருக்க வேண்டும். காசு கட்டுகிறவருக்கு மட்டும் என்று ஆகக் கூடாது.

இவ்வளவும் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு 2003ஐ ஞாபகப்படுத்துகிறேன். சட்டம் வந்த பிறகு அரசாங்கமும் ஐ.நா. அகதிகள் முகவரகமும் இ.தொ.கா.வும் தோட்டந்தோட்டமாக மேசை போட்டு, பத்து நாள் சொச்சத்தில் 190,000 பேருக்குப் பிரஜாவுரிமை எழுதிக் கொடுத்தார்கள். ஐம்பத்தைந்து வருடம் முடியாது என்று சொன்ன வேலை. சங்கம் முன்னால் நின்றால் கடதாசி வேகமாக நகரும் என்பதற்கு இதை விடச் சாட்சி வேண்டாம்.

அதுவரை நம் கையில் செய்யக் கூடியதும் இருக்கிறது. திருச்சியோ சென்னையோ போக நினைக்கிறவர்கள் கடவுச்சீட்டில் ஆறு மாதத்துக்கு மேல் தவணை இருக்கிறதா, வீசாவிலும் சீட்டிலும் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று சீட்டு எடுக்குமுன் பாருங்கள். சீட்டு எடுத்துத் தரும் கடைக்காரர் அவசரத்தில் தட்டுவார், பிழை உங்கள் தலையில் விழும். நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலுக்கும் இதுவே கணக்கு. பிறப்புப் பத்திரத்தில் எழுத்துப் பிழை என்றால் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பெயரையே சேர்க்கவோ மாற்றவோ வேண்டுமென்றால் 27ஆம் பிரிவு. பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் அந்தப் பிரிவைச் சொல்லியே கேளுங்கள். பிறப்பே பதியப்படாத பெரியவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்கலாம். குழந்தை பிறந்தால் 42 நாளுக்குள் பதியுங்கள். மூன்று மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவு, அதற்குத் தனி அலைச்சல். பெயரை நீங்களே தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு துண்டில் எழுதிக் கொண்டு போங்கள். கேட்டு எழுத விடாதீர்கள். பதினைந்து வயது ஆன பிள்ளைக்குப் பாடசாலை மூலமாகவே அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வையுங்கள். ஓ.எல். பரீட்சை நேரத்தில் தபால் அடையாள அட்டைக்கு ஓடுகிற பிள்ளை எனக்கு வருடா வருடம் இரண்டு மூன்று பேராவது வருகிறார்கள்.

ஒவ்வொரு தோட்டத் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் ஒரு கொப்பி போடட்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு வீடு. பிறப்புப் பத்திரத்தில் பெயர், ஐசியில் பெயர், செக்ரோலில் பெயர், ஈ.பி.எப். அட்டையில் பெயர் என்று நான்கு கோடு இழுத்து அப்படியே எழுதுங்கள், திருத்தி எழுத வேண்டாம். விரல் ரேகை விழாமல் திருப்பி அனுப்பப்பட்டவர் இருந்தால் அந்தத் திகதியையும் அலுவலகத்தையும் பக்கத்தில் குறியுங்கள். எழுதி முடித்த கொப்பியின் போட்டோப் பிரதியைக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள், மூலத்தை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். பளைப் பக்கத்துக் கொப்பியை நாங்கள் தொடங்கிவிட்டோம். முதல் பக்கத்தில் திருச்சிக் கேள்வி கேட்ட அந்தப் பெரியவர் வீடு. நான்கு கோட்டிலும் நான்கு பெயர்.